கை நிதானம்

(மதுரையில் வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வாழ்க்கையில் அடி விழும்போதும், உறவுகளில் கசப்பு வரும்போதும் கலங்காமல் இருப்பது எப்படி என்று பேசச் சொன்னார்கள். நான் முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தவள். எனக்குத் தெரிந்தது சொற்கள்தான். எனவே ஒரு சொல்லிலிருந்து தொடங்குகிறேன்.

நிதானம். இந்த ஊரில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை இந்தச் சொல் காதில் விழுகிறது! மாட்டுத்தாவணியில் நகர்கிற பஸ்ஸில் ஓடிவந்து தொற்றுகிறவரைப் பார்த்து, "நிதானமா ஏறுங்கண்ணே" என்கிறார் கண்டக்டர். பங்காளிகளுக்குள் பேச்சு முற்றினால், "நிதானமாப் பேசுங்கப்பா" என்று ஒரு பெரியவர் கையமர்த்துகிறார். இங்கெல்லாம் நிதானம் என்றால் பதறாமை.

இதே சொல்லுக்கு அடுப்படியில் வேறு பொருள். குழம்புக்கு எவ்வளவு உப்பு போட்டாய் என்று பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். "என்னத்த அளவு, கை நிதானந்தான்" என்பாள். சுவர் எழுப்பும் கொத்தனார் தூக்குக்குண்டைத் தொங்கவிடுவதற்கு முன் ஒற்றைக் கண்ணை மூடி நிதானிக்கிறார். கிணற்றை எட்டிப் பார்க்கும் சம்சாரி, கிடக்கிற தண்ணீர் எத்தனை செண்டு நிலத்துக்குப் பாயும் என்று நிதானிக்கிறார். இங்கே நிதானம் என்றால் அளவு. கண்ணாலும் கையாலும் மதிப்பிட்டு அறிகிற அறிவு.

பதறாமைக்கும் அளவறிவதற்கும் நம் மக்கள் ஒரே சொல்லை வைத்திருக்கிறார்கள். இன்று நான் சொல்ல வந்தது முழுவதும் அதற்குள் இருக்கிறது. வந்த துன்பம் எவ்வளவு, இப்போது என் கையில் மிஞ்சியிருப்பது எவ்வளவு, இந்த இரண்டையும் சரியாக அளக்கப் பழகியவருக்கு அமைதி வந்து சேர்கிறது. அளக்கத் தெரியாதவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் பதறிப்போகிறார்.

திருக்குறளில் இந்தப் பொருளுக்கு மூன்று இடம் உண்டு. பொறையுடைமை 16-ஆம் அதிகாரம். அது இல்லறவியலில் இருக்கிறது. வெகுளாமை 31-ஆம் அதிகாரம், துறவறவியலில் இருக்கிறது. இடுக்கண் அழியாமை 63-ஆம் அதிகாரம். அது பொருட்பாலில், நாட்டை ஆள்கிறவனுக்குச் சொல்லும் பகுதியில் இருக்கிறது. குடும்பத்தில் இருப்பவருக்கு ஒரு நிதானம், துறவிக்கு ஒன்று, காரியம் செய்கிறவனுக்கு ஒன்று.

அந்த 63-ஆம் அதிகாரத்துக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். இன்று நாம் படிக்கும் வரிசையில் 60 ஊக்கமுடைமை, 61 மடியின்மை, 62 ஆள்வினையுடைமை. மனத்தில் ஊக்கம், உடம்பில் சோம்பலின்மை, தொழிலில் விடாமுயற்சி, இந்த மூன்றுக்கும் பிறகுதான் துன்பத்தில் கலங்காமை. இந்த வரிசையைப் பல ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். அதன் நியாயம் எனக்குப் பின்னால்தான் புரிந்தது. கலங்காத மனம் கேட்டவுடன் கிடைக்கிற வரம் இல்லை. கை ஒரு வேலையைப் பிடித்துக்கொண்ட பிறகு மனம் மெல்லப் போய் அந்த வேலையின் மேல் சாய்ந்துகொள்கிறது.

இந்த வரிசையை வாழ்ந்து காட்டிய ஒருவர் நம் ஊரிலேயே இருந்தார். வைகைக்கு வடகரையில், அண்ணா நகரில். டாக்டர் கோ. வெங்கடசாமி. அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியவர். அந்த ஆஸ்பத்திரியின் புகழை நீங்கள் அறிவீர்கள். உங்களில் பாதிப் பேர் வீட்டில் யாராவது ஒருவர் அங்கே கண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு வந்திருப்பார். நான் பேச விரும்புவது அவருடைய விரல்களைப் பற்றி.

1918 அக்டோபர் 1-ஆம் நாள் எட்டயபுரம் பக்கம் வடமலாபுரம் என்ற கரிசல் கிராமத்தில் பிறந்தார். விவசாயக் குடும்பம், ஐந்து பிள்ளைகளில் மூத்தவர். பள்ளிக்கூடத்தில் காகிதம், பென்சில் கிடையாது. மணலைப் பரப்பி விரலால் எழுதிப் படித்த தலைமுறை. ஊரில் டாக்டர் இல்லாத காலம். அவருடைய உறவுப் பெண்கள் மூவர் பேறுகாலச் சிக்கலில் இறந்துபோனார்கள். அந்தச் சாவுகளைப் பார்த்து வளர்ந்த பையன், பிரசவம் பார்க்கும் டாக்டராக வேண்டும் என்று முடிவு செய்தான். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் பட்டம் வாங்கி, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் 1944-இல் மருத்துவம் முடித்து, இராணுவ மருத்துவப் பணியில் சேர்ந்தார்.

அங்கேதான் அடி விழுந்தது. முடக்குவாதம். வயதானவர்களுக்கு வருகிற மூட்டுத் தேய்மானம் என்று இதை எண்ணிவிடக் கூடாது. உடம்பின் காவல்படையே வழிதவறி, மூட்டுகளின் உள்சவ்வைப் பகையாளி என்று நினைத்துத் தாக்குகிற நோய் இது. காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது, வீங்கும், நாளாக ஆக எலும்பே இடம் விலகிக் கோணிப்போகும். 1948-இல் இந்த நோயோடு இராணுவத்திலிருந்து வெளியே வந்தார். அதே 1948-இல்தான் அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் ஒரு முடக்குவாத நோயாளிக்கு முதன்முதலாகக் கார்ட்டிசோன் ஊசி போட்டுப் பார்த்தார்கள். இன்று இந்த நோய்க்கு முதலில் எழுதித் தருகிற மெத்தோட்ரெக்சேட் பரவலாக வந்தது 1980களில். ஆக, முப்பது வயதில் படுக்கையில் கிடந்த அந்த இளைஞருக்குக் கொடுக்க அன்றைக்கு வைத்தியத்தின் கையில் அதிகம் இல்லை. மாதக்கணக்கில் படுத்தே கிடந்தார். நிற்க முடியாது. நடக்க முடியாது. பேனாவைக்கூடப் பிடிக்க முடியாது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம். எந்தக் கனவுக்காகப் படித்தாரோ அந்தக் கனவு போய்விட்டது. பிரசவ அறையில் மணிக்கணக்காக நின்று போராடுகிற உடம்பு இனி அவருக்கு இல்லை. நாமாக இருந்தால் என்ன சொல்லியிருப்போம்? "எல்லாம் போச்சு" என்றிருப்போம். எனக்குத் தெரிந்து நம் மொழியில் மிக அபாயமான இரண்டு சொற்கள் அவை. ஒன்று போயிருக்கும்போது எல்லாம் போச்சு என்கிறோம். அது துக்கம் மட்டும் இல்லை, தப்புக் கணக்கும்கூட. துக்கத்தை ஒருவர் தாங்கலாம். தப்புக் கணக்கோடு எழுந்து நடக்க முடியாது.

அவர் கணக்கைத் திருத்திப் போட்டார். பிரசவம் பார்க்க முடியாது, சரி. வேறு எதைப் பார்க்க முடியும்? கண் மருத்துவம் பக்கம் திரும்பினார். கண் அறுவைக்குப் பெரிய பலம் வேண்டாம், நுட்பம் வேண்டும். அந்த நுட்பத்துக்கு வேண்டிய விரல்கள்தான் கோணிக் கிடக்கின்றன. எனவே அந்த விரல்களுக்குப் பொருந்துகிற மாதிரி கருவிகளை அமைத்துக்கொண்டார். பேனா பிடிக்கப் பழகினார். பிறகு கத்தி பிடிக்கப் பழகினார். 1951-இல் கண் மருத்துவத்தில் டிப்ளமோ வாங்கினார். 1956-இல் மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைத் தலைவராக வந்தார். அதோடு எர்ஸ்கின் ஆஸ்பத்திரியில், அதாவது நம் பெரியாஸ்பத்திரியில், கண் அறுவை மருத்துவர்.

அந்தக் காலத்துக் கண்புரை அறுவை இன்றைக்கு மாதிரி இல்லை. கருவிழியின் ஓரத்தில் அரைவட்டமாக வெட்டித் திறந்து, புரை படிந்த வில்லையை முழுசாக வெளியே எடுப்பார்கள். ஒரு நூலளவு கை பிசகினால் பார்வை போய்விடும். அந்த வேலையை, விரல் மூட்டுகள் ஒன்றுகூட நேராக இல்லாத ஒரு மனிதர், ஒரு லட்சத்துக்கும் மேல் செய்திருக்கிறார். சில நாட்களில் நூறு வரை செய்திருக்கிறார். அவர் படங்களைப் பாருங்கள். கடைசிவரை அந்த விரல்கள் நேராகவில்லை. நோய் தீர்ந்த பிறகு வேலை தொடங்கலாம் என்று காத்திருந்திருந்தால் அந்த லட்சம் பேரும் இருட்டிலேயே இருந்திருப்பார்கள்.

நாம் பெரும்பாலும் அப்படித்தான் காத்திருக்கிறோம். மனசு சரியாகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்கிறோம். அவர் வாழ்க்கை சொல்வது தலைகீழ். வலி இருக்கட்டும், அது ஒரு பக்கம். கை இன்று எவ்வளவு திறக்கிறதோ அவ்வளவு வேலை.

அடுத்த கட்டம் 1976. 58 வயதில் அரசுப் பணி ஓய்வு. நம்மில் பலர் அந்த வயதில் காலை நடைக்கும் பேரப்பிள்ளைக்கும் நேரம் ஒதுக்கத் தொடங்குவோம். அது தவறும் இல்லை. அவர் அண்ணா நகரில் ஒரு வீட்டில் 11 படுக்கைகளோடு கண் ஆஸ்பத்திரி தொடங்கினார். காசு கொடுக்க முடிந்தவர் கொடுக்கலாம், முடியாதவருக்கு இலவசம், ஆனால் இருவருக்கும் ஒரே வைத்தியம் என்பது திட்டம். வங்கிக் கடன் கிடைக்கவில்லை. ஓய்வு பெற்றவர், இலவச வைத்தியம் என்கிறார், எதை நம்பிக் கொடுப்பார்கள்? வீட்டை அடமானம் வைத்தார். குடும்பத்துப் பெண்கள் கழுத்து நகையைக் கழற்றிக் கொடுத்தார்கள். அது அடகுக்குப் போனது. கட்டடம் மாடி மாடியாக, பணம் வர வர எழும்பியது.

தாய்மார்களே, நகையைக் கழற்றிக் கொடுப்பது என்றால் என்ன என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இந்த ஊரில் எத்தனை குடும்பங்கள் அந்த ஒரு விஷயத்தில் உடைந்திருக்கின்றன! அங்கே உடையவில்லை. அதற்குக் காரணம் பின்னால் இருக்கிறது. தந்தை காலமான பிறகு மூத்தவர் என்ற பொறுப்பைத் தோளில் போட்டுக்கொண்டு, தான் கல்யாணமே செய்துகொள்ளாமல், தம்பி தங்கைகளின் படிப்பையும் கல்யாணத்தையும் பார்த்தவர் அவர். தங்கை டாக்டர் நாச்சியாரும், அவர் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமியும் அரசு வேலையை விட்டு வந்து அவரோடு சேர்ந்தார்கள். தம்பி ஜி. சீனிவாசன் கட்டடத்தையும் கணக்கையும் பார்த்துக்கொண்டார். நீண்ட நேர வேலை, குறைந்த சம்பளம். அந்த ஆண்டுகள் எளிதாக இருக்கவில்லை என்று அந்தக் குடும்பத்தாரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள்.

கலங்காத மனிதர் என்றதும் தனியாக நிற்கிற ஒரு மலையை நாம் நினைத்துக்கொள்கிறோம். அவர் தனியாக நிற்கவில்லை. தன் விரல் செய்ய முடியாததை இன்னொருவர் கை செய்யும் என்று விட்டுக்கொடுத்தார். உதவி கேட்பதை இழுக்கு என்று நினைக்கவில்லை. என் கையின் அளவு இவ்வளவுதான், மீதிக்கு உன் கை வேண்டும் என்று சொல்லத் தெரிவதும் நிதானத்தில் சேர்த்திதான்.

அந்த ஆஸ்பத்திரியின் அறுவை அறையை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். ஒரு டாக்டருக்கு இரண்டு மேசை. ஒன்றில் அறுவை நடந்துகொண்டிருக்கும்போதே, பக்கத்து மேசையில் அடுத்தவருக்குக் கண்ணைத் துடைத்து, துணி போர்த்தி, எல்லாம் தயாராக வைத்திருப்பார்கள். இது முடிந்ததும் டாக்டர் அந்தப் பக்கம் திரும்புவார். அவ்வளவுதான். ஓட்டம் இல்லை, கூச்சல் இல்லை. அதைத் தயார் செய்கிறவர்கள் பெரும்பாலும் நம் சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்து பள்ளிப் படிப்பு முடித்து வந்து, அங்கேயே இரண்டு ஆண்டு பயிற்சி பெற்ற பெண்கள். ஒவ்வொருத்திக்கும் தன் வேலையின் அளவு தெரியும். நிதானம் என்றால் மெதுவாகச் செய்வது என்று நினைக்கிறவர்கள் அந்த அறையைப் பார்க்க வேண்டும். அவ்வளவு வேகம், பதற்றம் துளி இல்லை. அடுத்தது என்ன என்று தெரிந்த கைக்குப் பதற்றம் வருவதில்லை.

கண்ணுக்குள் வைக்கிற செயற்கை வில்லை வெளிநாட்டிலிருந்து வந்தபோது ஏழைக்கு எட்டாத விலையாக இருந்தது. 1992-இல் ஆரோலேப் என்று ஒரு தொழிற்கூடம் தொடங்கி, அதை இங்கேயே, பழைய விலையில் ஒரு சிறு பங்குக்குச் செய்தார்கள். இன்று அது நூறுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது. 2006 ஜூலை 7-ஆம் நாள் டாக்டர் வெங்கடசாமி மறைந்தார். 11 படுக்கைகளில் தொடங்கியது இன்று ஆண்டுக்குப் பல லட்சம் கண் அறுவைகள் செய்கிறது.

இன்னும் ஒன்று மட்டும் சொல்லி அவரை விடுகிறேன். அவர் நாட்குறிப்பு எழுதும் பழக்கம் உள்ளவர். அதில் பெரும்பாலும் தன்னைத் தானே கேட்டுக்கொண்ட கேள்விகள். தன் பொறுமை எங்கே குறைகிறது, தன் அகந்தை எங்கே தலைதூக்குகிறது என்று தன்னையே விசாரித்துக்கொள்கிற கேள்விகள். ஊரெல்லாம் மகான் என்று சொன்ன மனிதர், ராத்திரி உட்கார்ந்து தன் மனத்தை அளந்து பார்த்துக்கொண்டிருந்தார். அமைதி அவருக்குப் பிறவிக் குணமாக வந்துவிடவில்லை. தினமும் திருத்திப் போட்ட கணக்காக வந்தது.

"அவர் பெரிய மனுஷர், நாங்கள் சாதாரண ஆட்கள், எங்கள் பிரச்சினை மாமியாரும் மருமகளும், பங்காளியும் சம்பந்தியும்தானே" என்று நீங்கள் நினைக்கலாம். சரி, வீட்டுக்குள் வருவோம்.

இந்த ஊர்க்காரர்களுக்கு உறவின் கோபத்தைப் பற்றிப் புதிதாக யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நம் சித்திரைத் திருவிழாவே ஒரு கல்யாண மனத்தாங்கல்தான். தங்கை மீனாட்சிக்குக் கல்யாணம் என்று அழகர் மலையிலிருந்து சீர் சுமந்து வருகிறார். வழியெல்லாம் மண்டகப்படி, தாமதம். வைகைக்குள் இறங்கும்போது கல்யாணம் முடிந்துவிட்டது என்று செய்தி. அழகர் ஊருக்குள் வராமல் வண்டியூர் பக்கம் திரும்பிவிடுகிறார். நம் மக்கள் சொல்லி வருகிற கதை இது. இதில் எனக்குப் பிடித்த இடம், அவர் அடுத்த சித்திரைக்கும் வருகிறார் என்பதுதான். மனத்தாங்கல் உண்டு, முகம் திருப்பல் உண்டு. "இனி அந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்ற பேச்சு இல்லை. வருத்தம் ஒரு நாள் அளவுக்கு இருந்தது, அந்த நாளோடு முடிந்தது. கல்யாணப் பத்திரிகையில் பெயர் விட்டுப்போனதற்காகப் பதினைந்து ஆண்டு பேசாமல் இருக்கிற அண்ணன் தம்பிகள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். ஒரு நாள் வருத்தத்துக்குப் பதினைந்து ஆண்டு விலை கொடுத்தால் அது யாருக்குக் கட்டுப்படியாகும்?

இனி என் சொந்தக் கதை. இதை மேடையில் சொல்வது இதுதான் முதல் தடவை.

1984. திருமங்கலம் பக்கம் ஒரு கிராமத்தில் நாங்கள் இருந்தோம். காலையில் எட்டு மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் நான் பள்ளிக்கூடத்துக்குப் போக முடியும். கைக்குழந்தை ஒன்று, இடுப்பை விட்டு இறங்காத இன்னொன்று. வீட்டில் அரிசி புடைத்துக் கல் பொறுக்குவது என் மாமியார் வேலை. அன்றைய ரேஷன் அரிசியில் எவ்வளவு கல் இருக்கும் என்று பெரியவர்களுக்குத் தெரியும். திண்ணையில் கால் நீட்டி, முறத்தை மடியில் வைத்து, நாளெல்லாம் பொறுக்குவார்கள். அந்த ஆண்டு சோற்றில் கல் கடிபடத் தொடங்கியது. முதலில் ஒன்றிரண்டு. பிறகு வாய்க்கு ஒன்று. ஒரு நாள் மூத்தவன் கல்லைக் கடித்துப் பல்லில் ரத்தம் வந்துவிட்டது.

நான் கத்தினேன். "வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறீர்கள், இதைக்கூடப் பார்த்துச் செய்யக் கூடாதா?" என்றேன். அவர்கள் பதிலே சொல்லவில்லை. முறத்தை இழுத்து இன்னும் பக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். அந்த மௌனம் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று நினைத்தேன். நான் வேலைக்குப் போவது பிடிக்காமல் இப்படிக் காட்டுகிறார்கள் என்று நினைத்தேன். ராத்திரி என் கணவரிடம் அப்படியே சொன்னேன். ஏழெட்டு மாதம் அந்த வீட்டில் சரியான பேச்சு இல்லை.

அந்தச் சமயத்தில் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கண் முகாம் போட்டார்கள். நான் ஆசிரியை என்பதால் வரிசையை ஒழுங்குபடுத்தப் போயிருந்தேன். வரிசையில் என் மாமியார். பக்கத்து வீட்டு அம்மாள் கையைப் பிடித்துக் கூட்டி வந்திருக்கிறார், எனக்குச் சொல்லவில்லை. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். தள்ளி நின்ற எனக்கே தெரிந்தது. இரண்டு பாவையும் பால் மாதிரி வெளுத்திருந்தன.

"ரெண்டும் நல்லாப் பழுத்துருச்சே பாட்டி. எவ்வளவு நாளா இப்படி?"

"தீவாளி ரெண்டு போயிருச்சு சாமி."

"வீட்டுல சொல்லலையா?"

"சொன்னா மொறத்த வாங்கி வச்சிருவாக."

அந்த ஒரு வாக்கியம் நாற்பது ஆண்டுகளாக என் காதில் இருக்கிறது. கண் போனதைவிட, கையில் இருக்கிற கடைசி வேலையும் போய்விடுமோ என்பதுதான் அவர்கள் பயம். எட்டு மாதமாக நான் பகை என்று நினைத்தது ஒரு பார்வையற்ற கிழவியின் விரல்கள். கண் தெரியாமல், ஒவ்வொரு மணியாகத் தடவித் தடவி, அரிசி எது கல் எது என்று தேடிய விரல்கள். இரண்டும் ஒரே அளவாக இருந்தால் விரல் என்ன செய்யும்?

அன்று சாயங்காலம் முகாமில் தேர்வானவர்களைப் பஸ்ஸில் ஏற்றி அண்ணா நகர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்தார்கள். நெற்றியில் பிளாஸ்திரி ஒட்டி, எந்தக் கண் என்று எழுதியிருந்தது. நானும் கூட வந்தேன். பஸ்ஸில் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. கப்பலூர் தாண்டும்போது அவர்களே என் கையைத் தேடிப் பிடித்து, "பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டியா தாயி, சம்பளம் பிடிப்பாகளா?" என்று கேட்டார்கள்.

அரிசியில் கல் இருந்தது உண்மை. பிள்ளைக்குப் பல்லில் ரத்தம் வந்ததும் உண்மை. அவற்றுக்குக் காரணம் வஞ்சகம் என்று நானாகத்தான் அளந்தேன். அந்த அளவு தப்பு. "என்ன அத்தை, உடம்புக்கு என்ன செய்யுது?" என்று ஒரு தடவை கேட்டிருந்தால் எட்டு மாதம் மிஞ்சியிருக்கும். குடும்பத்தில் நிதானம் என்று நான் இப்போது சொல்வது இந்த ஒரு கேள்வியைத்தான். எதிரில் இருப்பவர் ஏன் இப்படிச் செய்கிறார் என்று நாமே தீர்ப்பு எழுதுவதற்கு முன், அவருக்கு என்ன செய்கிறது என்று கேட்பது. பின்னால் நிற்கிற கல்லூரிப் பிள்ளைகளே, வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுந்தும் பதில் வரவில்லை என்று நட்பை முறித்துக்கொள்கிறீர்கள். அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. பரீட்சையில் ஒரு மார்க் குறைந்ததை வாழ்க்கையே குறைந்துபோனதாக எழுதிக்கொள்ளாதீர்கள். ஒரு தாள் ஒரு தாள்தான்.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். நிதானம் என்ற பெயரில் வலியை மறைக்கச் சொல்லவில்லை. என் மாமியார் இரண்டு தீபாவளி மறைத்ததில் யாருக்கும் நன்மை இல்லை. அடி வாங்கிக்கொண்டு பொறுத்துப்போவது பொறையுடைமையும் இல்லை. தூக்கமே வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, செத்துவிடலாம் என்று தோன்றுகிறது என்றால், அது பேச்சைக் கேட்டுச் சரியாகிற விஷயம் இல்லை. புரை மாதிரி வைத்தியம் வேண்டிய நோய். நம் பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்ற அரசு உதவி இருக்கிறது. எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம், காசு கிடையாது. கண் தெரியவில்லை என்று சொல்ல வெட்கம் இல்லையென்றால், மனசு தாங்கவில்லை என்று சொல்லவும் வெட்கம் வேண்டியதில்லை.

முடிக்கிறேன். அந்தக் காலத்தில் கண்ணுக்குள் வில்லை வைக்கும் வசதி எல்லோருக்கும் வந்திருக்கவில்லை. சோடாபுட்டி மாதிரி தடித்த கண்ணாடியோடு மாமியார் வீடு வந்தார்கள். வந்த இரண்டாம் வாரமே திண்ணையில் உட்கார்ந்து முறத்தைக் கேட்டார்கள். நான் எடுத்துக் கொடுத்தேன். மத்தியானத்துக்குள் ஒரு கொட்டாங்குச்சி நிறையக் கல். அதை என்னிடம் நீட்டி, "இம்புட்டையுமா தின்னோம்!" என்று சிரித்தார்கள். குத்திக்காட்டும் தொனி துளியும் இல்லை. அந்தச் சிரிப்பில்தான் எனக்கு மன்னிப்புக் கேட்க வாய் வந்தது.

அதற்குப் பிறகு பதினோரு ஆண்டுகள் இருந்தார்கள். கடைசிவரை ஒரு பழக்கம் விடவில்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு எல்லாக் கல்லையும் பொறுக்கி முடிப்பார்கள். பிறகு கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, முறத்து அரிசியை ஒரு தடவை விரலால் மெல்லத் தடவிப் பார்ப்பார்கள். அந்த இருட்டான இரண்டு ஆண்டில் விரல் கற்றுக்கொண்டதை அவர்கள் தூக்கிப் போடவில்லை. எப்போதாவது ஒரு கல் அதில் அகப்படும். எடுத்துக் கொட்டாங்குச்சியில் போட்டுவிட்டு, "இப்ப உலையில போடு தாயி" என்பார்கள்.